இது எந்த இடம்? பாட் கட்டுகிறவர்களுக்குப் பதில்கள்

படத்தைப் பார்த்து இடத்தைச் சொல்லும் விளையாட்டை டெலிகிராமில் நடத்தும் பாட் (தானாக இயங்கிப் பதில் சொல்லும் நிரல்) பற்றிக் கேட்டவர்களுக்கு, அவரவர் ஊர்ப் பெயரைப் போட்டு வரிசையாக எழுதுகிறேன். முதலில் ஒன்று: பாட்டின் கடவுச்சொல் போன்ற டோக்கனை யாரும் குழுவில் ஒட்டாதீர்கள். அது கையில் கிடைத்தவர் உங்கள் பாட்டை எடுத்துக்கொள்வார்.

உப்புவெளி: அண்ணா, புள்ளியை எப்படிக் கணக்கிடுவது?

தம்பி, தூரத்துக்கு, அட்சரேகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடும் ஹாவர்சைன் சூத்திரம் போதும், பூமியின் ஆரை 6371 கிலோமீட்டர். தூரத்தைப் புள்ளியாக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். உலகம் முழுவதற்குமான கணக்கை அப்படியே எடுத்து, தூரத்தை 2000 கிலோமீட்டரால் வகுத்து, எதிர்க்குறி வைத்து அடுக்குக்குறிச் சார்பில் (exp) போட்டால், கோணேசர் கோயில் படத்துக்குப் புறாத்தீவு என்று சொல்லி சுமார் 16 கிலோமீட்டர் தவறியவருக்கும் ஒரு சதவீதம்கூடக் குறையாது. நம் திருகோணமலை மாவட்டத்துக்குள் விளையாடினால் 2000 இருக்கும் இடத்தில் 5 போடுங்கள், அதே தவறுக்கு, முழுப் புள்ளி 5000 என்றால், சுமார் 200தான் மிஞ்சும்.

மூதூர்: குழுவில் எழுதும் பதிலை பாட் பார்ப்பதே இல்லையே?

காரணம் பிரைவசி மோட், அது இருந்தால் குழுவில் எழுதும் சாதாரணச் செய்திகள் பாட்டுக்குப் போகாது. பாட்களை உருவாக்கி நிர்வகிக்கும் டெலிகிராமின் சொந்த பாட்டான பாட்ஃபாதரிடம் அதை நிறுத்திவிட்டு, உங்கள் பாட்டைக் குழுவிலிருந்து எடுத்து மறுபடி சேர்த்துவிடுங்கள்.

கிண்ணியா: வாட்ஸ்அப்பில் செய்யலாமா?

அது என் துறை இல்லை. அதிகாரபூர்வமற்ற நிரல் நூலகங்களைப் போட்டால் எண் முடக்கப்படலாம், அது மட்டும் தெரியும்.

உவர்மலை: படங்களுக்கு எங்கே போவது? கூகுள் தெருக்காட்சியை இறக்கி வைத்துக்கொள்ளலாமா?

இறக்கிச் சேமிக்க அவர்களின் விதி இடம் தராது. நீங்களே எடுங்கள், இல்லையென்றால் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் போடுங்கள். பிரெட்ரிக் கோட்டை மான்கள் அருமையான படம், ஆனால் உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். யாருடைய வீட்டு வாசலும் வேண்டாம். டெலிகிராமில் படமாக அனுப்பினால், எடுத்த இடம், நேரம் எல்லாம் படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் எக்சிஃப் தகவல் கழன்றுவிடும், கோப்பாக அனுப்பினால் எடுத்த இடம் அப்படியே போகும். விடையும் போகும், உங்கள் வீடும் போகும்.

நிலாவெளி: ‘திருகோணமலை’ என்று சரியாக எழுதினாலும் தவறு என்கிறது.

இதுதான் நல்ல கேள்வி. ‘கோ’ என்ற எழுத்தில் ககரத்தோடு சேரும் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. ஒப்பிடும் முன் இரண்டையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுங்கள்.

தம்பலகாமம்: ‘திருக்கோணமலை’ என்பதே சரி, ‘க்’ இல்லாமல் எழுதினால் சுழியம் கொடுங்கள்!

இதற்குக் கீழே இருபது பேர் சண்டை பிடித்திருக்கிறீர்கள், நானும் என் கட்சியைச் சொல்கிறேன். திருக்குறள், திருக்கோயில் போல ஒற்று மிகுவதே இலக்கணம். ஆனால் அரச பலகைகளில் ‘திருகோணமலை’ என்றே இருக்கிறது, சம்பந்தர் ‘கோணமாமலை’ என்றார், பஸ்ஸில் போகிறவர் ‘திருமலை’ என்கிறார், இன்னொருவர் ‘ட்ரிங்கோ’ என்கிறார். இவர்களில் யாருக்கு இடம் தெரியவில்லை? இடம் தெரிந்தவரை எழுத்துக்காகத் தோற்கடிக்கும் பாட்டைக் கட்டாதீர்கள், ஒவ்வோர் ஊருக்கும் மாற்றுப்பெயர்ப் பட்டியல் வையுங்கள். ‘திருமலை’யில் மட்டும் கவனம்: தமிழ்நாட்டுக்காரருக்கு அது திருப்பதி, ஆகவே இரண்டு பொத்தான் காட்டி எது என்று கேளுங்கள்.

மட்டிக்களி: பாட் குழுவில் பதில் பார்க்கவில்லை...

மூதூர்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

சீனக்குடா: எனக்கும் அதேதான், ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

மேலே இருக்கிறது. தங்கச்சி, நீங்கள் இணைத்த படத்தில் டோக்கன் முழுதாகத் தெரிகிறது, உடனே பாட்ஃபாதரிடம் அதை ரத்துச் செய்து புதியது எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கன்னியா: வெந்நீர்க் கிணறு ஏழில் இது எது என்று கேட்கலாமா?

வேண்டாம். கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, கைபேசி ஜிபிஎஸ்ஸின் பிழையே ஐந்து மீட்டர் வரும். ‘கன்னியா’ என்று வந்தால் முழுப் புள்ளி கொடுங்கள்.