மங்குக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்து போடலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: வயது 34, சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வேலை, தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறீர்கள். இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கருந்திட்டு. தோல் டாக்டர் மூன்று மருந்து சேர்ந்த க்ரீம் எழுதிக் கொடுத்தார், இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. திரும்பப் போய்க் காட்ட நேரமில்லை. அதே ட்யூபை வாங்கித் தொடரலாமா, நிறுத்தினால் மங்கு திரும்ப வருமா?

தொடர வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். இப்படிச் சுருக்கமாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். வேளச்சேரிப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பல வருடமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன், எனக்கும் மங்கு உண்டு, இதே க்ரீமை டாக்டர் சொல்லிப் போட்டிருக்கிறேன். அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

ட்யூபின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், அப்புறம் மொமெட்டாசோன் அல்லது ஃப்ளுவோசினோலோன் என்று ஒரு ஸ்டீராய்டு இருக்கும். நிறமி உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை ஹைட்ரோகுயினோன் மட்டுப்படுத்துகிறது. ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ வகை. மேல்தோலைச் சீக்கிரம் உதிர வைக்கும், ஹைட்ரோகுயினோன் உள்ளே இறங்கவும் உதவும். இந்த இரண்டும் சேர்ந்தால் முகம் எரியும், சிவக்கும். அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு. இந்தக் கூட்டணி புதிதல்ல. அமெரிக்காவில் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1975லேயே இப்படி ஒன்றை எழுதிவிட்டார்கள். 2002ல் அங்கே அனுமதி பெற்ற ட்யூபிலும் மங்குக்கு 8 வாரம் வரை, குறுகிய காலத்துக்கு என்றுதான் இருக்கிறது. இங்கே டாக்டர்கள் ஆளைப் பார்த்துச் சில வாரம் கூட்டுவார்கள், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் இரண்டு நாள் என்று குறைப்பார்கள். அதை அவர்கள்தான் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், இந்த க்ரீம் போட்ட சில வாரத்தில் மங்கு மட்டும் மறைவதில்லை, முகமே பளிச்சென்று ஆகிவிடும். நிறுத்த மனசு வராது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் டாக்டர் சீட்டு இருக்காது, போனில் ட்யூபின் போட்டோ இருக்கும். "அக்கா, இது ஒண்ணு குடுங்க, ஃப்ரெண்டு போட்டு நல்லா கலர் ஆயிட்டா." ஒரு பெண் முகத்தில் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துக் காட்டினாள். கன்னத்தில் சிவப்பு இழைகளாக ரத்த நாளம் தெரிகிறது, தாடையில் பூனைமுடி அடர்ந்திருக்கிறது, வாயைச் சுற்றிப் பொரிப் பொரியாகப் பரு. அண்ணி வாங்கி வைத்திருந்த ட்யூபைப் பல மாதமாக முகம் முழுக்கப் பூசியிருக்கிறாள். நிறுத்தினால் ஒரே எரிச்சல், வெயிலில் நிற்கவே முடியவில்லை, அதனால் மறுபடி அதையே போடுகிறாள். ஸ்டீராய்டுக்குப் பழகிப்போன முகம் இப்படித்தான் இருக்கும். தோல் டாக்டர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு நம் நாட்டில் இது சகஜம். 2018ல் பூசும் ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியதும் இதனால்தான். சீட்டு கேட்டால் எங்கள் மேல் கோபப்படாதீர்கள்.

ஹைட்ரோகுயினோனுக்கும் ஒரு எல்லை உண்டு. வருடக்கணக்கில் போட்டால் தோலுக்குள் நீலமும் கறுப்பும் கலந்த நிறம் படியலாம். ஓக்ரோனோசிஸ் என்பார்கள். மங்குதான் கருத்துவிட்டது என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பூசுகிறவர்கள் உண்டு. அதை எடுப்பது பெரும்பாடு.

உங்கள் விஷயத்தில் இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படிக்கிற யாராவது ஆறு மாதம், ஒரு வருடம் என்று போட்டுக்கொண்டிருந்தால், பயந்துபோய்த் தாங்களாகவே ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் முகம் கொதித்துப் போகும். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், படிப்படியாக இறக்குவார். தனியார் கிளினிக் கட்டணம் யோசனையாக இருந்தால் சென்ட்ரல் எதிரே ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்று அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு ஓ.பி. இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். ட்யூபைக் கையோடு எடுத்துப் போனால் பாதி வேலை மிச்சம்.

போடும் முறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இரவில் மட்டும். ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் கெட்டுப்போகும், பகலில் போட்டால் தோலும் வெந்துபோகும். காரம் குறைந்த ஃபேஸ்வாஷால் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு, தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு. ஈரத்தோடு போட்டால்தான் எரிச்சல் அதிகம். இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவே தாராளம். மங்கு இருக்கும் இடத்திலும் அதன் ஓரத்திலும் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். கண் ஓரம், மூக்கு மடிப்பு, வாய் ஓரம் வேண்டவே வேண்டாம். முதல் ஓரிரு வாரம் லேசான சிவப்பு, செதில் உரிவது சாதாரணம். வீக்கம், கொப்புளம், மூச்சுத்திணறல் என்றால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். சில க்ரீம்களில் சல்ஃபைட் சேர்ப்பார்கள், ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

க்ரீமை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஹைட்ரோகுயினோன் காற்றும் சூடும் பட்டால் பழுப்பாகும். மூடியைத் திறந்ததும் ட்யூப் வாயில் டீ நிறத்தில் காய்ந்து நின்றால் அதைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பதும் பழுப்பு என்றால் குப்பைக்குத்தான். ஸ்கூட்டி டிக்கியில் வைத்தால் நம்ம ஊர் மே மாதத்துக்கு அது தாங்காது. அட்டையில் எத்தனை டிகிரி போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள். தேவைப்பட்டால் ஃபிரிட்ஜ் கதவில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போடுகிறவர்கள் அதையும் இதையும் ஒன்றாகப் போடக் கூடாது. தோலில் பழுப்புக் கறை ஏறும். கழுவினால் போய்விடும் என்றாலும் பார்த்தவுடன் பகீரென்று இருக்கும். பார்லரில் ப்ளீச்சும் முகத்துக்கு வாக்ஸிங்கும் இந்தச் சமயத்தில் வேண்டாம், மேல்தோல் கையோடு வந்துவிடும். எலுமிச்சைச் சாறு தடவச் சொல்லும் சித்திமார்கள் வீட்டுக்கு வீடு உண்டு. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ, பால் கொடுத்தாலோ டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் இந்த க்ரீமைத் தவிர்ப்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காதீர்கள். சிலருக்கு மங்கைக் கிளப்புவதே அதுதான்.

இன்னொன்று, கருப்பாக இருப்பதெல்லாம் மங்கு இல்லை. பின்கழுத்து வெல்வெட் போலத் தடித்துக் கருத்திருந்தால் க்ரீம் கேட்டு வராதீர்கள், சர்க்கரை டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்.

கடைசியாக, திரும்ப வருமா என்று கேட்டீர்கள். வரும், பலருக்கு வருகிறது. எனக்கும் வந்தது. மங்கு அடங்கும், வேரோடு போவது அபூர்வம். அதனால் இந்த க்ரீமை நிறுத்திய பிறகு டாக்டர்கள் அசெலாயிக் ஆசிட், கோஜிக் ஆசிட் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத ஒன்றுக்கு மாற்றுவார்கள். அதைவிட முக்கியம் சன்ஸ்க்ரீன். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நிறையப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போடுங்கள். பொட்டு மாதிரி வைத்துத் தேய்ப்பது எதற்கும் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டும் என்பதால் அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது. டைடல் பார்க் சிக்னலில் நிற்கும்போது துப்பட்டா மட்டும் போதாது, மெல்லிய துணி வழியே வெயில் இறங்கும். வெளியே இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, வியர்த்துத் துடைத்தால் உடனே, மறுபடி போட வேண்டும். கேட்கும்போது சலிப்பாகத்தான் இருக்கும். க்ரீமுக்குச் செலவு செய்துவிட்டு இதை விட்டால், அடுத்த கோடைக்குள் அதே சீட்டோடு எங்கள் கடையில்தான் நிற்பீர்கள்.