அம்மாயிக்கு எந்தப் பக்கம் அறை? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி திட்ட வீடு. நாங்கள் நாலு பேர். தோட்ட லயத்தில் தனியாக இருக்கும் அம்மாயியை (அம்மாவின் அம்மா, 78 வயது) கூட்டி வரப் போகிறோம். குசினிக்குப் பின்னால் மேட்டை வெட்டி ஒரு காம்பரா இறக்கினால் செலவு குறைவு என்கிறார் மேசன் பாஸ். செய்யலாமா? – ஹட்டன்

பதில்: வேண்டாம். பெரியவரை வீட்டுக்குக் கூட்டி வருகிறோம் என்பார்கள், கடைசியில் விறகு அடுக்குகிற இடத்தை அவருக்கு ஒதுக்குவார்கள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வெட்டிய மேட்டை ஒட்டிய சுவர் ஆனி, ஆடி மழைக்கு உள்பக்கமாக வியர்க்கும், வெயில் எட்டியும் பார்க்காது, போர்வை காயாது, இருமல் நிற்காது. அது போகட்டும், மேடு இறங்கினால்? 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மேடு சரிந்து லயங்களைப் புதைத்ததைப் பார்த்த பிறகும் மேட்டை வெட்டு என்று சொல்கிற பாஸிடம் வேறு எந்த யோசனையும் கேட்காதீர்கள். பிரதேச சபை அனுமதிக்குப் போகும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் வேண்டும், நுவரெலியா மாவட்டத்தில் அது கட்டாயம்.

7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடு, மலக்குழி, தண்ணீர் ஓடும் கான், பாதை எல்லாம் போக முன்பக்கம் இஸ்தோப்பை (விறாந்தையை) ஒட்டிக் கொஞ்சம் மிஞ்சும். அங்கே 10க்கு 12 அடியில் ஒரு அறை போடுங்கள். பழைய லயக் காம்பரா அளவுதான், ஆனால் இதில் ஒருவர் மட்டும். பக்கத்தில் 5க்கு 7 அடியில் பாத்ரூம். அதன் ஒரு சுவர் உங்கள் பாத்ரூம் சுவராக அமைந்தால் குழாய்ச் செலவு குறையும், இருக்கிற குழியே போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணி வைக்க மூலையில் ஒரு சிங்க், ஒற்றை அடுப்பு. வாசலில் படி வேண்டாம். 6 அங்குலம் உயர்ந்துதான் ஆக வேண்டுமென்றால் 6 அடி நீளத்துக்குச் சாய்வு போடுங்கள்.

கதவு 36 அங்குலம். இதில் நான் பட்டிருக்கிறேன். மலிவாகக் கிடைத்தது என்று 27 அங்குல பிளாஸ்டிக் கதவொன்றை வாங்கி பாத்ரூமுக்கு மாட்டினேன். அம்மா இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வோக்கர் நிலையில் முட்டி நின்றுவிட்டது. கதவையும் நிலையையும் கழற்றி, ஒரு மாதம் அம்மாவின் பழைய சேலையைத் தொங்கவிட்டுச் சமாளித்தோம்.

கேள்வி: இரண்டு படுக்கையறை, ஒரு அனெக்ஸ் (வீட்டை ஒட்டிய தனிப் பகுதி) உள்ள பிளான் ஒன்றை இணையத்தில் 15,000 ரூபாவுக்கு வாங்கிவிட்டேன். எங்கள் காணி சரிவு. கொஞ்சம் மாற்றிக் கட்டலாம்தானே? – பண்டாரவளை

பதில்: முடியாது. அது சமதரைக்கு வரைந்தது. அத்திவாரம் போடுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவரை லாபம்.

கேள்வி: அப்பாயிக்கு அறை கட்ட பாஸ் ஒருவர் 4 லட்சம் முற்பணம் வாங்கினார். இரண்டு வரி கல் வைத்ததோடு சரி, ஆறு வாரமாக போனை எடுப்பதில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசு ஐயா. – தலவாக்கலை

பதில்: அம்மா, இது உங்கள் தவறில்லை. எழுதிக் கேட்டால் "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஊர் இது, நாமும் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறோம். காசு வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தச் சீட்டு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், அந்த இரண்டு வரி கல்லின் படம், எதையும் அழிக்காதீர்கள். வேறொரு பாஸைக் கூட்டி வந்து, இதுவரை நடந்த வேலையின் பெறுமதியை எழுதி வாங்குங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி எடுங்கள், பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போனால் இவ்வளவும் கையில் இருக்கட்டும். அடுத்தவருக்கு அத்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகக் காசு. கடைசிப் பங்கை ஒரு பெருமழை பார்த்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: பாட்டியின் பாத்ரூமுக்குக் கழிவு விலையில் பளபளப்பான தரை டைல்ஸ் வாங்கினேன். இரண்டு பெட்டி வேறு நிறம். கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். பில் எடுக்கவில்லை. – இராகலை

பதில்: பில் எடுக்கவில்லை! கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. நீங்கள் கேட்டால்தானே? சரி, அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள், எழுத்து முறைப்பாடென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள். அதற்கு முன் ஒரு டைலில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள். வழுக்குகிறதா? எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவிட்டு, தரைக்குச் சொரசொரப்பானதை வாங்குங்கள். பில்லோடு.

கேள்வி: அம்மாயியின் காலத்துக்குப் பிறகு வாடகைக்கு விடுகிற மாதிரி அனெக்ஸைக் கட்டலாமா? – கொட்டகலை

பதில்: கட்டலாம், தனி வாசல் வையுங்கள். அம்மாயி காதுபட இதைப் பேசாதீர்கள்.