வாசகர் கேள்வி: டிரான்ஸ்மிட்டரில் வேகமான டிஏசி

கேள்வி: ஹாம் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். மிக்ஸர் எதுவும் இல்லாமல், 14 பிட், நொடிக்கு 40 கோடி சாம்பிள் ஓடும் டிஏசி போர்டிலிருந்தே 145 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை நேரடியாக எடுத்து அனுப்பலாமா? கிளாக்கை எஃப்.பி.ஜி.ஏ. போர்டிலிருந்தே கொடுத்துவிட நினைக்கிறேன்.
– இன்ஜினீயரிங் மாணவர், மன்னார்குடி

பதில்: தாராளமாக எடுக்கலாம் தம்பி. மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: எண்களாக வரும் சாம்பிள்களை மின் அலையாக மாற்றும் சிப் டிஏசி, ஒவ்வொரு சாம்பிளும் எப்போது வெளியேற வேண்டும் என்று சொல்லும் துடிப்பு கிளாக், சிக்னலை வேறு அலைவரிசைக்கு மாற்றுவது மிக்ஸர், உள்ளமைப்பை நாமே எழுதிக்கொள்ளும் சிப் எஃப்.பி.ஜி.ஏ. கிளாக் 400 மெகாஹெர்ட்ஸ், டிஏசி நேராகத் தரக்கூடியது அதில் பாதி, அதாவது 200 வரை, உங்கள் 145 அதற்குள் அடங்கிவிடுகிறது. அனலாக் மிக்ஸர் போட்டால் ஆஸிலேட்டர் கசிவு, ஐ, க்யூ என்ற இரண்டு சிக்னல் பாதைகளும் சமமாக இல்லாமல் போவது என்று இரண்டு தலைவலி வரும், அவை இரண்டுமே இதில் கிடையாது. ஆனால் டிஏசியின் காலில் இருந்து வருவது 145 மட்டும் இல்லை. 400-லிருந்து 145-ஐக் கழித்தால் வரும் 255-இலும், கூட்டினால் வரும் 545-இலும் அதன் பிம்பங்கள் நிற்கும், அப்புறம் 655, 945 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். சாதாரண டிஏசி ஒவ்வொரு சாம்பிளையும் அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருப்பதால் மேலே போகப் போக இவை கொஞ்சம் தணியும். அந்தத் தணிவை நம்பி இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் 255-இல் உள்ள பிம்பம் உங்கள் சிக்னலைவிட 5 டெசிபல்தான் குறைவு, அதாவது பவரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதை அப்படியே ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் நமக்கு உரிமையே இல்லாத அலைவரிசையில் நீங்கள் ஒலிபரப்புகிறீர்கள்.

சரி, 200-க்கு மேலே வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்று போட்டால் முடிந்ததா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிஏசியில் உண்டாகும் இரண்டாவது ஹார்மோனிக், அதாவது சிக்னலின் இரு மடங்கு அலைவரிசையில் வரும் வேண்டாத எச்சம், 290-இல் வர வேண்டியது, 400 கிளாக்கில் மடங்கி 110 மெகாஹெர்ட்ஸிலும் வந்து உட்காரும். அது உங்கள் சிக்னலுக்குக் கீழே இருப்பதால் லோ-பாஸ் ஃபில்டர் அதைத் தொடவே தொடாது. 108 முதல் 118 வரை விமானங்கள் வழி பார்க்கும் அலைவரிசை. ஒரு பக்கம் திருச்சி விமான நிலையம், இன்னொரு பக்கம் தஞ்சாவூர் விமானப்படைத் தளம் என்று இருக்கும் நம் பகுதியில் இதில் துளிகூட அலட்சியம் வேண்டாம், 145-ஐச் சுற்றி மட்டும் விடும் பேண்ட்-பாஸ் ஃபில்டரே போடுங்கள்.

கல்லூரி லேபில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்று காட்டும் கருவி) இருந்தால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, நடுவில் சக்தியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டு, முழு 1 கிகாஹெர்ட்ஸையும் திரையில் விரியுங்கள். பிறகு சிக்னலை 145-லிருந்து 146-க்கு நகர்த்துங்கள். 255-இல் இருந்த கோடு 254-க்கு இறங்கினால் அது பிம்பம். 110-இல் இருந்தது 108-க்கு இறங்கினால், இரண்டு படி நகர்ந்ததால், மடங்கி வந்த இரண்டாவது ஹார்மோனிக். அசையாமல் 400-இலேயே நின்றால் கிளாக் கசிவு. எந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஃபில்டர் வாங்கப் போகாதீர்கள்.

இனி கிளாக் விஷயம். உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான். 14 பிட் என்றால் கணக்குப்படி 86 டெசிபல் சுத்தம் கிடைக்க வேண்டும், அதாவது சிக்னல் இரைச்சலைவிட அவ்வளவு மேலே நிற்க வேண்டும். ஆனால் கிளாக்கின் நடுக்கம் 10 பிகோசெகண்ட் (ஒரு பிகோசெகண்ட் என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இருந்தால், 145 மெகாஹெர்ட்ஸில் மிஞ்சுவது சுமார் 41 டெசிபல், அதாவது ஆறரை பிட். மீதி ஏழரை பிட்டுக்குக் கொடுத்த காசு வீண். நாற்று நடும்போது பிடிக்கும் கயிறு ஆடினால் வரிசை வளைவது போலத்தான் இது, நாற்று எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் இருக்கும் பி.எல்.எல்., அதாவது வேண்டிய அலைவரிசையை உண்டாக்கித் தரும் சுற்று, இந்த வேலைக்கு ஆகாது. தனியாக ஒரு நல்ல கிரிஸ்டல் ஆஸிலேட்டர், அதற்கென்று தனி ரெகுலேட்டர் வையுங்கள். டிஏசியில் ஒரு படி இறங்கி வாங்கினாலும் பரவாயில்லை, கிளாக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: 5ஜி ரேடியோவில் சிக்னலின் அகலம் 100 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் உள்ளே இருக்கும் டிஏசி அதற்குப் பல மடங்கு வேகத்தில் ஓடுகிறதே, ஏன்?
– டவர் பராமரிப்பில் இருப்பவர், நாகப்பட்டினம்

பதில்: பவர் ஆம்ப்ளிஃபையர்தான் காரணம். அது உச்சத்தில் சிக்னலை நசுக்கும், நசுங்கியது பக்கத்து அலைவரிசைகளில் வழியும். அதைச் சரிக்கட்ட, நேர் எதிரான கோணலை முன்கூட்டியே டிஜிட்டலில் சேர்த்து அனுப்புகிறார்கள். மூன்றாம் வரிசைக் கோணலுக்கு மூன்று மடங்கு அகலம், ஐந்தாம் வரிசைக்கு ஐந்து மடங்கு வேண்டும், ஆக 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு டிஏசி 500 வரை இடம் கொடுத்தாக வேண்டும். இங்கே 5ஜி பெரும்பாலும் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடுகிறது. அந்த உயரத்தில் டிஏசியிலிருந்தே நேரடியாக எடுத்தால், மேலே தம்பிக்குச் சொன்ன அதே கிளாக் நடுக்கம் 28 டெசிபல் அளவுக்கு அதிகமாகக் கெடுக்கும். அதனால் அங்கே பிகோசெகண்டில் பேச முடியாது, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான ஃபெம்டோசெகண்ட்தான்.

கேள்வி: வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்த ரேடியோ வைக்க ஆசை. அதற்கும் இந்த விலையுயர்ந்த டிஏசி எல்லாம் வேண்டுமா?
– விவசாயி, திருவையாறு

பதில்: வேண்டவே வேண்டாம் ஐயா. 5ஜி சிக்னலின் உயரம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும், அதை அச்சுப்பிசகாமல் வரையத்தான் வேகமான டிஏசி. உங்களுக்கு லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் எளிய ரேடியோவே போதும். அதன் சிக்னலின் உயரம் மாறாது, அலைவரிசை மட்டும் நகரும், அதை சிப்புக்குள் இருக்கும் பி.எல்.எல். தானே செய்துகொள்ளும். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–868 மெகாஹெர்ட்ஸுக்கான மாட்யூலைக் கேட்டு வாங்குங்கள், வேறு நாட்டுக்கான அலைவரிசையில் வருவதை வாங்கிவிடாதீர்கள். நடுவில் தென்னந்தோப்போ வாழைக்கொல்லையோ இருந்தால் ஆன்டெனாவை மோட்டார் கொட்டகைக் கூரைக்கு மேலே நன்றாக உயர்த்திக் கட்டுங்கள். அப்புறம், ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரை (ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் கருவி) எந்தக் காரணத்துக்காகவும் கழற்றிவிடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து போடும்போது ஒரு ஃபேஸ் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது, மோட்டார் எரிந்துவிடும்.