டிஸ்க் நிறைந்த சர்வர்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் 40 ஜிபி டிஸ்க். 'டிஎஃப் -எச்' கொடுத்தால் 100% நிரம்பிவிட்டது என்கிறது. 'டியூ' போட்டுப் பார்த்தால் 22 ஜிபிதான். பழைய லாக் ஃபைல்களை அழித்தும் இடம் திரும்பவில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், இரண்டும் எண்ணுவது வேறு வேறு. செலவான பிளாக்குகளின் (டிஸ்க் இடத்தின் சிறு துண்டுகள்) மொத்தத்தை ஃபைல் சிஸ்டத்திடமே கேட்டுச் சொல்வது டிஎஃப். டியூ ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து, பெயருள்ள ஃபைல்களை மட்டும் கூட்டும்.

முதலில் டியூவை ரூட் (சர்வரின் தலைமை நிர்வாகி) உரிமையோடு ஓட்டுங்கள்: 'சுடூ டியூ -எக்ஸ்எச் -டி 1 /'. சுடூ இல்லாவிட்டால், உங்களுக்கு அனுமதியில்லாத ஃபோல்டர்கள் கணக்கில் வராது. அப்படியும் அதே 22 வந்தால், 40-ல் மிச்சம் 18 ஜிபியில் சுமார் 2 ஜிபிக்குக் காரணம் எளிது. இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5% இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும்.

மீதி 16 ஜிபி பெரும்பாலும் நீங்கள் அழித்த லாக்தான். ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளை பெயரைத்தான் எடுக்கும். ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை பிளாக்குகள் விடுபடாது. 'சுடூ எல்எஸ்ஓஎஃப் +எல்1' கொடுங்கள் (கடைசி எல் மட்டும் பெரிய எழுத்து). பெயரிழந்தும் திறந்திருக்கும் ஃபைல்கள், பிடித்திருக்கும் புரோகிராமின் பிஐடி (அதன் அடையாள எண்), ஃபைலின் அளவு எல்லாம் வரும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே திரும்பும். நிறுத்தவே முடியாத சர்வீஸ் என்றால், பிஐடி 1234, எஃப்டி (திறந்திருக்கும் ஃபைலின் எண்) பத்தியில் 4டபிள்யூ என்று இருந்தால், ஃபைலைக் காலியாக்க 'சுடூ ட்ரங்கேட் -எஸ் 0 /பிராக்/1234/எஃப்டி/4' போதும். லாக் ஃபைலுக்கு மட்டும். டேட்டாபேஸ் ஃபைலில் கை வைத்தால் தரவு போய்விடும்.

இனி, ஓடிக்கொண்டிருக்கும் லாகை ஆர்எம் செய்யாதீர்கள். பழைய லாகைச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட் கருவி அதற்குத்தானே இருக்கிறது!

டிஎஃப்பில் இடம் மிச்சம் காட்டியும் புது ஃபைல் எழுத முடியவில்லை என்றால் அது வேறு நோய். 'டிஎஃப் -ஐ' கொடுத்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் பதிவு) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்தால் அப்படி ஆகும்.

கேள்வி: 'ஃப்ரீ -எச்' கொடுத்தால் ஃப்ரீ பத்தியில் 200 எம்பிதான். ரேம் கூட்ட வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கேஷுக்கு (டிஸ்கில் படித்ததை நினைவில் வைக்க) எடுத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுவிடும். சந்தேகம் தீரவில்லையா? 'விஎம்ஸ்டாட் 1' ஓட்டுங்கள். முதல் வரி சர்வர் துவங்கியதிலிருந்து வரும் சராசரி, அதை விட்டுவிடுங்கள். அவைலபிளும் போதுமான அளவு இருந்து, அடுத்த வரிகளில் எஸ்ஐ, எஸ்ஓ (ரேம் போதாமல் டிஸ்கின் ஸ்வாப் பகுதியோடு தரவு போய்வரும் அளவு) இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் ரேம் வாங்க வேண்டாம்.