நொண்டி வந்த பூனை: எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்?

கேள்வி (உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி): எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு மூன்று வயது. சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில் முன்னங்கால் ஒன்றை நிலத்தில் ஊன்றாமல் நொண்டிக்கொண்டு வந்தது. இரத்தமோ காயமோ கண்ணுக்குத் தெரியவில்லை. வைத்த மீனையும் ஓரளவு சாப்பிட்டது. பூனை தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிவிடும் என்றார் அம்மா. அரைப் பனடோல் கொடுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் தோள் வீங்கி உடைந்து சீழ் வடிந்த பிறகே மிருக வைத்தியரிடம் ஓடினோம். இப்போது சுகமாகிவிட்டது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் எப்படி முடிவெடுப்பது?

பதில்: அந்தப் பனடோலைக் கொடுக்காமல் விட்டீர்களே, அன்று உங்கள் பூனையைக் காப்பாற்றியது அதுதான். பனடோலில் உள்ள, அளவோடு எடுத்தால் மனிதருக்கு ஒன்றும் செய்யாத பரசிற்றமோல் மருந்தை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. உடைபடாமல் எஞ்சும் நஞ்சு, ஒட்சிசனைச் சுமக்கும் தன்மையை இரத்தத்திலிருந்து பறித்துவிடுகிறது. நான் மிருக வைத்தியராகத் தொழில் தொடங்கிய காலத்தில், இரவு ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் துவாயில் சுற்றிக் கொண்டுவந்த பூனையொன்றின் வாயைத் திறந்தபோது, முரசு, அதாவது ஈறு முழுவதும் பால் கலக்காத கோப்பியின் நிறத்தில் இருந்தது, முகமும் வீங்கியிருந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. அது என்னிடம் வந்தது ஒரு சாதாரணச் சுளுக்குக்காக என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே புறப்படுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் மணித்தியாலங்கள் கடக்கக் கடக்க அதன் பயன் குறைந்துவிடும். அஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளையும் வீட்டில் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடிபட்ட பூனையைக் கண்டவுடன் எல்லோரும் காயத்தைத் தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மூச்சை. பூனை அமைதியாகப் படுத்திருக்கும்போது அதன் நெஞ்சு எத்தனை முறை உயர்ந்து தாழ்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 20 முதல் 30 வரை இயல்பானது, 40-ஐத் தாண்டினால் பொறுத்திருக்கக் கூடாது. திருகோணமலை வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதைப் பார்த்துப் பழகிய நாம், பூனையும் அப்படிச் செய்தால் வெக்கைதான் காரணம் என்று எண்ணிவிடுகிறோம். அடிபட்ட பூனை வாயைத் திறந்து மூச்சுவாங்கினால், நெஞ்சுக்குள் காற்றோ இரத்தமோ சேர்ந்திருக்கலாம், வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தசைத்தகடு கிழிந்திருக்கவும் கூடும்.

அடுத்ததாக உதட்டை மெல்ல உயர்த்தி முரசைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். வெளிறியோ நீலம்பாய்ந்தோ இருந்தால், வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லாவிட்டாலும் உள்ளே கசிந்துகொண்டிருக்கக்கூடும் என்று கருதி உடனே கொண்டுசெல்லுங்கள். இரத்தம் வெளியே வழிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் அழுத்தியபடியே புறப்படுங்கள். கண்ணில் பட்ட காயம், எலும்பு தெரியும் காயம், வலிப்பு, பாம்பு கடித்திருக்கலாம் என்ற சந்தேகம் ஆகிய எதற்கும் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம். வாகனம் மோதிய பூனை எழுந்து நடந்து பால் குடித்தாலும் அன்றே காட்டப்பட வேண்டும். மூத்திரப்பை கிழிந்த பூனை முதல் நாளில் நலமாகவே தோன்றக்கூடும்.

பின்னங்கால்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நன்றாக இருந்த பூனை திடீரென்று கத்தி, இரண்டு பின்னங்கால்களையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தால், மதிலிலிருந்து விழுந்திருக்கும் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். பல வேளைகளில் அது விழுந்ததால் வந்ததன்று. இதயத்தில் உருவான இரத்தக்கட்டி, பின்னங்கால்களுக்குச் செல்லும் இரத்தக்குழாய் பிரியும் இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கும். முன்பாதத்தையும் பின்பாதத்தையும் மாறிமாறித் தொட்டுப் பாருங்கள். பின்பாதம் குளிர்ந்து, அடிமெத்தை நீலமாக இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அந்த வலி தாங்கமுடியாதது. அதேபோல் கடுவன் பூனை மண்ணில் குந்திக் குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அடிபட்ட நோவு என்றோ மலச்சிக்கல் என்றோ விட்டுவிடாதீர்கள். அடைப்பு நீங்காவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

இவை எதுவும் இல்லாமல், ஒரு காலை மட்டும் இலேசாகத் தாங்கி நடந்து, வழக்கம்போலச் சாப்பிட்டுச் சிறுநீரும் கழிக்கிற பூனையை ஒரு அறையில் அடைத்துவைத்து 24 மணித்தியாலம் கவனிக்கலாம். உங்கள் பூனை இந்த வகையைச் சேர்ந்ததன்று. காலை அறவே ஊன்றாத பூனையை அன்றைக்கோ மறுநாளோ காட்டியிருக்க வேண்டும். அதன் தோளில் சீழ் வந்தது பெரும்பாலும் இன்னொரு பூனை கடித்ததாலாகவே இருக்கும். பூனையின் கோரைப்பல் ஊசிபோல மெல்லியது. அது குத்திய துளை விரைவில் மூடிக்கொள்ள, உள்ளே சென்ற கிருமி இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் சீழ்கட்டுகிறது. வெளிப்புண்ணைப் பூனை நாக்கால் துடைக்கலாம். மூடிய தோலுக்குள் நாக்கு எட்டாது. அடுத்த முறை நல்ல வெளிச்சத்தில், மயிரை அது படுத்திருக்கும் திசைக்கு எதிராக விரலால் கோதிப் பாருங்கள். உலர்ந்த எச்சிலில் திரிதிரியாக ஒட்டிய மயிரும், அதன் அடியில் கடுகளவு பொருக்கும் தென்பட்டால், கடி அங்கேதான். அந்த நிலையில் காட்டினால் பெரும்பாலும் மருந்தோடு முடிந்துவிடும். சீழ்கட்டிய பின் கீறித் துப்பரவாக்க வேண்டிவரும். நமது காலநிலையில் திறந்த புண்ணில் இலையான் மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புண்ணை டெற்றோலால் கழுவ வேண்டாம். பூனை அதை நக்கி நஞ்சை உட்கொள்ளும். கொதித்து ஆறிய அரை லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டுக் கழுவினால் போதும்.

நோவில் இருக்கும் பூனை பெற்றெடுத்த தாயைப்போல வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய் பூனைக்கும் வரும். அதற்கான தடுப்பூசியை வருடந்தோறும் போடுகிறீர்களா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பூனையைக் கையில் ஏந்தி மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம். துவாய் விரித்துக் காற்றுத்துளையிட்ட மட்டைப்பெட்டியில் வைத்து முச்சக்கர வண்டியில் கொண்டுசெல்லுங்கள். புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் கால்நடை வைத்தியர் மாடு பார்க்க வெளியே போயிருக்கக்கூடும்.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்): மீன் குடலைத் தின்ற பூனையின் வாயிலிருந்து தங்கூசி (தூண்டில் நூல்) தொங்கினால் இழுத்து எடுக்கலாமா?

பதில்: இழுக்கவே கூடாது. மறுமுனையில் தூண்டில் முள் இருந்தால் அது தொண்டையையோ இரைப்பையையோ கிழிக்கும். முள் இல்லாவிட்டாலும், குடலுக்குள் போன நூல் இறுகிக் குடலை வாள்போல அறுக்கும். உதட்டில் தைத்த முள்ளையும் வந்த வழியே பிடுங்க முயலாதீர்கள். நுனிக்குப் பின்னால் உள்ள எதிர்முள் தசையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். தொங்கும் தங்கூசியை வெட்டாமல், பூனை அதை மேலும் விழுங்காதபடி துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உணவும் கொடுக்காமல் கொண்டுசெல்லுங்கள். உணவு வேண்டாம் என்பது, அங்கே மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால்தான். எக்ஸ்ரேயில் முள் தெரியும், தங்கூசி தெரியாது. ஆகையால் அதே அளவு முள்ளொன்றையும் மீதித் தங்கூசியில் ஒரு துண்டையும் வைத்தியரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.