சர் பட்டம் அப்பாவுக்கா, பிள்ளைக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் அறிவியல் வரலாற்று நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'சர். நியூட்டன்' என்று எழுதியது தவறு என்கிறார் நண்பர். பில் கேட்ஸுக்கும் இதே பட்டம் உண்டாமே, அவரை ஏன் யாரும் 'சர்' என்பதில்லை? ராஜா காலத்துச் சடங்குக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா?

கே.

அன்புள்ள கே.,

நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். கேட்ஸுக்கு 2005இல் கிடைத்தது கௌரவப் பட்டம். பிரிட்டிஷ் முடியைத் தம் முடியாக ஏற்காத நாட்டுக் குடிமக்கள் பெயருக்குப் பின்னால் கே.பி.இ. என்ற பட்ட எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம், முன்னால் 'சர்' கிடையாது. நுணுக்கம் தேவையா என்று மொழிபெயர்க்க உட்கார்ந்தவரே கேட்டால் எப்படி?

முதலில் அந்தப் புள்ளியை எடுங்கள். 'சர்' முழுச் சொல், சுருக்கம் அல்ல. அது ஒட்டுவது ஆளின் சொந்தப் பெயரோடு: சர் ஐசக், அல்லது சர் ஐசக் நியூட்டன். பட்டம் பெற்ற பெண்ணுக்கு 'டேம்', அதுவும் சொந்தப் பெயரோடுதான். அவர் கணவருக்கு ஒன்றுமில்லை. 'சர்' பெற்றவரின் மனைவிக்கு 'லேடி' உண்டு, ஆனால் அது குடும்பப் பெயரோடு போகும்.

இதே விதியை நம் பெயர்களில் வைத்துப் பாருங்கள், வேடிக்கை தெரியும். சி.வி. ராமனுக்குப் பட்டம் 1929இல். முதலில் நிற்பதே சொந்தப் பெயர் என்பது ஆங்கிலக் கணக்கு. அதன்படி அவர் 'சர் சந்திரசேகர'. சந்திரசேகரன் அவருடைய அப்பா! இலங்கையில் பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் என அண்ணன் தம்பி இருவருக்கும் பட்டம். இருவருமே 'சர் பொன்னம்பலம்' ஆகிறார்கள். அதுவும் அப்பா பெயர். இராமநாதனின் மனைவி 'லேடி இராமநாதன்'. கணவரின் சொந்தப் பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிட்டது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012இல் கிடைத்தபோது கதை திரும்பிக்கொண்டது. அவருக்குச் சொந்தப் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். 'சர் வெங்கி' சரி. 'சர் ராமன்' போலத்தானே என்று 'சர் ராமகிருஷ்ணன்' எழுதினால் அப்பாவை மண்டியிட வைக்கிறோம். வலது முழங்காலை ஊன்றி, வலத்தோளிலும் இடத்தோளிலும் வாள் தொட நின்றது யாரோ அவர் பெயரைத் தேடி ஒட்டுங்கள். தமிழில் 'சர் ராமன்' என் கணக்கில் சரியே, ஆங்கிலேயர் முகம் சுளித்தாலும். 'சர் நியூட்டன்' எந்தக் கணக்கிலும் தேறாது.

நியூட்டனின் பிரின்சிபியா நூல் வெளிவரும் 1687 அத்தியாயத்தில் 'சர்' இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். ஆன் அரசி அவருக்குப் பட்டம் கொடுத்தது 1705இல்.