‘ஆள் கிடைக்கவில்லை’ என்று நானும் சொல்லியிருக்கிறேன்

நீங்கள் கேட்டது இது: ‘ஊடகம், சினிமா இரண்டிலுமே பெண்கள் குறைவாக இருப்பதற்குத் தகுதியான ஆள் கிடைக்காததுதான் காரணமா, இல்லை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்களா?’

வேண்டுமென்றே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த வரையில் பெரும்பாலான நாட்களில் ‘இன்றைக்குப் பெண்கள் வேண்டாம்’ என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. அவசரத்தில் கை பழகிய நம்பருக்குப் போகிறது, அவ்வளவுதான். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அந்தக் கை என்னுடையது. நானும் ஒரு பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு செய்தி சேனலில் இரவு விவாத நிகழ்ச்சிக்கு ஆள் பிடிக்கும் வேலை சில வருஷம் பார்த்தேன். கெஸ்ட் கோஆர்டினேட்டர் என்று அடையாள அட்டையில் போட்டிருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல்தான் தலைப்பு முடிவாகும், ராத்திரி எட்டு மணிக்கு லைவ், நாலு நாற்காலி. அந்த ஐந்து மணி நேரத்தில் நாலு பேரைச் சம்மதிக்க வைத்து, வண்டி அனுப்பி, மைக் மாட்டி உட்கார வைக்க வேண்டும். ஏழரை மணிக்கு ஒருவர் ‘வர முடியலைங்க’ என்று சொல்லும்போது வயிற்றைக் கலக்கும் பாருங்கள், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது, துறைவாரியாக நம்பர்கள். அந்த நோட்டில் யார் மேலே இருந்தார்கள் என்றால், விஷயம் நன்றாகத் தெரிந்தவர்கள் அல்ல, இரண்டாவது ரிங்கில் போனை எடுப்பவர்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வங்கிகளின் வாராக்கடன் பற்றி ஒரு நாள் தலைப்பு. வங்கித் துறையையே ஆராய்ச்சி செய்கிற ஒரு பேராசிரியையின் நம்பர் புதிதாகக் கிடைத்திருந்தது. கூப்பிட்டேன். என்ன கோணத்தில் பேசப் போகிறீர்கள், எதிரே யார் யார், சமீபத்திய அறிக்கையை நான் இன்னும் முழுசாகப் படிக்கவில்லை, ஒரு மணி நேரம் கொடுத்தால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எல்லாமே நியாயமான கேள்விகள். ஒரு நல்ல கெஸ்ட் கேட்க வேண்டிய கேள்விகள். நான் ‘சரிங்க மேடம், திரும்பக் கூப்பிடுகிறேன்’ என்று வைத்துவிட்டு அடுத்த நம்பருக்குப் போட்டேன். அந்த நம்பர்காரர் நான் தலைப்பைச் சொல்லி முடிக்கும் முன்பே ‘வந்துடறேன்மா’ என்றார். அவர் ஒரு வழக்கறிஞர். போன வாரம் வானிலை பற்றிய விவாதத்துக்கும் அவர்தான் வந்திருந்தார். எடிட்டர் கேட்டபோது ‘பெண்கள் யாரும் கிடைக்கலை சார்’ என்று நான் சொன்னேன், மனசறிந்து பொய் சொன்ன உணர்வுகூட இல்லை.

அப்புறம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், வேலை கற்றுக்கொள்வதற்காக என்னுடைய ஒரு மாத அட்டவணையை எடுத்து எண்ணினாள். 26 நிகழ்ச்சி, 104 நாற்காலி, அதில் பெண்கள் 13. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அந்த 13-ஐயும் தலைப்பு வாரியாகப் பிரித்தாள். ஒன்பது பேர் பெண்கள் பாதுகாப்பு, குழந்தை வளர்ப்பு, குடும்பம் என்ற தலைப்புகளில். மிச்சம் நாலே பேர்தான் பொருளாதாரம், தேர்தல், வெளியுறவு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து. ‘அக்கா, இதில் நீங்கள் போடாத ஆள் யாராவது உண்டா?’ என்று கேட்டாள். எல்லாம் நான் போட்டதுதான். எனக்குக் கோபம் வந்தது, முதலில் அவள் மேல்.

உலக அளவிலும் கணக்கு ஏறத்தாழ இப்படித்தான். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று 1995-ல் இருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. ஒரே நாளில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் நாட்டுச் செய்திகளை எடுத்து, அதில் யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எண்ணுவார்கள். முதல் தடவை 71 நாடுகள், 2020-ல் 116 நாடுகள். செய்தியில் வரும் மனிதர்களில் பெண்கள் 1995-ல் 17 சதவீதம். 2010-ல் 24. 2015-லும் 24. 2020-ல் 25. அதாவது முதல் பதினைந்து வருஷத்தில் ஏழு புள்ளி ஏறியது, அடுத்த பத்து வருஷத்தில் ஒரே ஒரு புள்ளி. இதில் இன்னொரு கூத்து, பெண்ணை ‘எனக்கு இப்படி நடந்தது’ என்று அனுபவம் சொல்ல அழைப்பது அதிகம், ‘இது ஏன் நடக்கிறது’ என்று விளக்க அழைப்பது குறைவு. வெள்ளத்தில் வீடு போனவர் பெண், வெள்ளம் ஏன் வந்தது என்று சொல்பவர் ஆண். என் அட்டவணையும் அச்சு அசல் அப்படித்தான் இருந்தது.

சரி, மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிபிசியில் ராஸ் அட்கின்ஸ் என்கிற தொகுப்பாளர் 2017-ல் தொடங்கியது. பெரிய கொள்கை அறிக்கை, பயிலரங்கம், கமிட்டி எதுவும் கிடையாது. நிகழ்ச்சி முடிந்ததும் குழுவே உட்கார்ந்து இரண்டு நிமிஷம் எண்ணுவார்கள், இன்றைக்கு நாம் கொண்டுவந்தவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று. இதில் புத்திசாலித்தனம் என்னவென்றால், தங்கள் கையில் இல்லாததை எண்ண மாட்டார்கள். ஒரு நாட்டின் அதிபர் ஆண் என்றால் அவர் பேசியதைக் காட்டித்தான் ஆக வேண்டும், அது கணக்கில் வராது. அந்தப் பேச்சை அலச யாரைக் கூப்பிட்டோம் என்பது மட்டும்தான் கணக்கு. முதல் மாதம் பெண்கள் 39 சதவீதம் இருந்தார்கள். நாலு மாதத்துக்குள் பாதியைத் தொட்டுவிட்டார்கள், அதுவும் ‘சிறந்த ஆள் யாரோ அவரே வரட்டும்’ என்ற விதியைத் தளர்த்தாமலே. தகுதியான ஆள் கிடைக்காததுதான் காரணம் என்றால் அந்தப் பெண்கள் எல்லாம் நாலு மாதத்தில் எங்கிருந்து முளைத்தார்கள்?

நானும் எண்ணத் தொடங்கினேன். முதலில் வெட்கத்துக்காக, பிறகு வீம்புக்காக. எண்ணியபோதுதான் மற்ற விஷயங்கள் கண்ணில் பட்டன. ராத்திரி ஒன்பதரை மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால் திரும்பிப் போக வண்டி உறுதியா என்று பல பெண்கள் கேட்பார்கள், எங்களிடம் அழைத்து வரும் வண்டிதான் உறுதி, திரும்பும் வண்டி அன்றைய அதிர்ஷ்டம். ஒருவர் பேசும்போது மூன்று பேர் குறுக்கே விழுவதை நெறியாளர் ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார், நிகழ்ச்சி சூடாக இருக்கிறதாம். ‘உங்களால் முடியாவிட்டால் வேறு யாரைக் கேட்கலாம்’ என்று கேட்டால் ஆண்கள் ஆண்களைச் சொன்னார்கள், பெண்கள் ஆண், பெண் இருவரையுமே சொன்னார்கள். (இது என் அனுபவம் மட்டுமே, யாரும் சண்டைக்கு வராதீர்கள்.)

எல்லாவற்றையும் விட மோசம், நிகழ்ச்சி முடிந்த பிறகு நடப்பது. சுற்றுச்சூழல் சட்டங்களில் நல்ல பிடிப்புள்ள ஒருவரை மூன்று முறை அழைத்தேன், அருமையாகப் பேசினார். நாலாவது முறை வர மறுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, எங்கள் வீடியோவுக்குக் கீழே இருந்த கருத்துகளைப் படித்துப் பார்க்கச் சொன்னார். படித்தேன். அதே நாள் அவர் பக்கத்து நாற்காலியில் தப்பும் தவறுமாகப் பேசிய ஆணை நாலு பேர் ‘உளறல்’ என்று திட்டியிருந்தார்கள், அவரையோ முகம், குரல், உடை, கல்யாணம் ஆனதா இல்லையா என்று நூற்றுக்கணக்கில். மிரட்டல்கள் தனியாக அவருடைய இன்பாக்ஸுக்குப் போயிருந்தன. இதற்காகவே சம்பளம் வாங்குகிற பத்திரிகையாளர்களுக்கே இதுதான் நிலைமை. யுனெஸ்கோவுக்காக 2020-ல் எடுத்த ஒரு உலகளாவிய ஆய்வில் பங்கேற்ற பெண் பத்திரிகையாளர்களில் 73 சதவீதம் பேர் இணையத்தில் இப்படித் தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் இலவசமாக வந்து பேசிவிட்டுப் போகிறவர் எதற்காக இதைச் சுமக்க வேண்டும்? அவர் வராததை நான் ‘தயக்கம்’ என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பிறகு அந்த வார்த்தையை அடித்துவிட்டேன்.

சினிமாவுக்கு வருகிறேன். அங்கே என் நோட்டின் வேலையைச் செய்வது திரைக்கதை. ‘டாக்டர்’, ‘டிரைவர்’, ‘காவலர் 2’, ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று எழுதும்போது எழுதுகிறவர் மனதில் தானாகவே ஓர் ஆண் வந்து நிற்கிறார். பெண் என்றால்தான் ‘பெண் டாக்டர்’ என்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது. நடிகை ஜீனா டேவிஸ் இதற்கு ஒரு வைத்தியம் சொன்னார்: எழுதி முடித்த கதையில் சில பாத்திரங்களின் பெயரை மட்டும் பெண் பெயராக மாற்றுங்கள், வசனம் அப்படியே இருக்கட்டும், ‘கூட்டம் கூடுகிறது’ என்று வரும் இடத்தில் ‘அதில் பாதிப் பேர் பெண்கள்’ என்று ஒரு வரி சேருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கூட்டத்தில் நிற்கக்கூடப் பெண்கள் பாதி இல்லை என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவர் அதைச் சொன்னார்.

பெக்டல் சோதனையை இங்கே யாராவது கட்டாயம் இழுப்பார்கள். 1985-ல் அலிசன் பெக்டல் தன் காமிக்ஸில் கிண்டலாகப் போட்டது: படத்தில் இரண்டு பெண்களாவது வர வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், அது ஓர் ஆணைப் பற்றி இல்லாமல் இருக்க வேண்டும். நல்ல கிண்டல், ஆனால் அளவுகோலாக எனக்கு அதன் மேல் பெரிய மதிப்பு இல்லை. ‘கதவைச் சாத்து’, ‘சாத்திட்டேன்’ என்று இரண்டு பெண்கள் பேசினாலே சில பேர் பாஸ் போட்டுவிடுவார்கள். வார்த்தைகளை எண்ணுவது இன்னும் உருப்படியானது. 2016-ல் சுமார் 2,000 திரைக்கதைகளின் வசனங்களை ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று எண்ணி வெளியிட்டார்கள். அதில் எனக்கு மறக்கவே மறக்காதது டிஸ்னியின் ‘முலான்’. போருக்குப் போகிற பெண்ணின் கதை, படத்தின் பெயரே அவள் பெயர். ஆனால் அவளுக்குத் துணையாக வரும் குட்டி டிராகனுக்கு அவளைவிடப் பாதி மடங்கு அதிக வசனம். டிராகனும் ஆண்.

‘மக்கள் பார்க்க மாட்டார்கள்’ என்பது அடுத்த சாக்கு, ரொம்பப் பழசு. 1933-ல் பிபிசி வானொலியில் ஷீலா பாரெட் என்ற பெண்ணை அறிவிப்பாளராகப் போட்டார்கள், புகார் குவிந்தது, சில மாதங்களிலேயே அந்த வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பெண் குரல் காதுக்கு ஒத்துவராது என்றார்கள். இன்றைக்கு ரயில் நிலையம், போன், வண்டியில் வழி சொல்கிற செயலி எல்லாம் பெண் குரல், ஒருவரும் புகார் சொல்வதில்லை. 2023-ல் உலகத்திலேயே அதிகம் வசூலித்த படம் ஒரு பெண் இயக்கிய, பெண்ணை மையமாக வைத்த ‘பார்பி’. அதே வருஷம் ஹாலிவுட்டில் அதிகம் வசூலித்த நூறு படங்களில் வசனம் பேசும் பாத்திரங்களில் பெண்கள் எவ்வளவு என்று பார்த்தால் சுமார் 32 சதவீதம். 2007-ல் இதே கணக்கு சுமார் 30. காசு வந்தால் தானாக மாறிவிடும் என்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

காலம் போகப் போகச் சரியாகும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை, ஏனென்றால் சினிமாவில் காலம் பின்னாலும் போயிருக்கிறது. ஆலிஸ் கீ என்ற பிரெஞ்சுப் பெண் 1896-லேயே படம் எடுக்கத் தொடங்கி, 1910-ல் அமெரிக்காவில் சொந்தமாக ஸ்டூடியோ நடத்தியவர். நூற்றுக்கணக்கில் எடுத்தார், பிற்காலத்தில் அவர் படங்கள் சில ஆண்கள் பெயரில் வரலாற்றில் ஏறியிருந்தன, வயதான காலத்தில் தன் படங்களைத் தானே தேடி அலைந்தார். எடிட்டிங்கும் அப்படித்தான். பிலிமை வெட்டி ஒட்டுவது தையல் மாதிரி ஒரு வேலை என்று நினைத்த காலத்தில் அந்த மேஜையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். அதற்கு மதிப்பும் சம்பளமும் கூடியபோது பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. சிறந்த இயக்குநர் ஆஸ்கரை முதன்முதலாக ஒரு பெண், கேத்ரின் பிகலோ, வாங்கியது 2010-ல். ஒளிப்பதிவில் ஒரு பெண்ணின் பெயர் பரிந்துரையில் வருவதற்கே 2018 ஆகிவிட்டது. வென்றது அல்ல, பரிந்துரையில் வந்தது.

அந்த வேலையை விட்டுவிட்டேன். போவதற்கு முந்தைய வருஷம் ஒரு நாள் மறுபடி வங்கித் தலைப்பு வந்தது, நோட்டைப் புரட்டி அந்தப் பேராசிரியையைக் கூப்பிட்டேன், இந்த முறை காலை பத்து மணிக்கே. என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. ‘போன தடவை அறிக்கையைப் படித்து, குறிப்பெல்லாம் எடுத்து, கிளம்பத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திரும்பக் கூப்பிடவே இல்லையே’ என்றார். வரும்போது அந்தப் பழைய குறிப்பையும் கொண்டுவந்திருந்தார், நாலு பக்கம்.